சைவம் மட்டும் சாப்பிட்டா சத்து போதுமா? நூத்தம்பது வருஷ ஆராய்ச்சியின் கதை

1/
போன வாரம் ஓபியில், ஒரே காலையில் ரெண்டு பேர்.

முதல்ல ஒரு இளம் அப்பா, நாலு வயசுப் பையனோட. "நாங்க சைவம் சார். முட்டை, கறி கொடுக்கலைன்னா பையன் வளரவே மாட்டான்னு அக்கம்பக்கத்துல பயமுறுத்துறாங்க. நிஜமா?"

அடுத்து 58 வயசுல ஒரு அம்மா. பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, இருட்டுல நடந்தா தடுமாறுது. "தலைமுறை தலைமுறையா சைவம் சார் நாங்க. எனக்கு எப்படி சத்துக்குறைவு வரும்?"

2/
பையனோட உயரம், எடை ரெண்டும் சரியா இருந்துச்சு. அந்தம்மாவுக்கு ரத்தசோகை. நாக்கு வழவழன்னு இருந்தது. பரிசோதனையில் பி12 ரொம்பக் குறைவு.

"சைவத்துல சத்தே இல்ல", "சைவம் சாப்பிட்டா நோயே வராது". இந்த ரெண்டையும் நாம வீட்டுலயும் வாட்ஸ்அப்லயும் தினமும் கேட்கிறோம். ரெண்டுமே வெறும் புரளி இல்லைங்க. வெவ்வேறு காலத்து ஆராய்ச்சியிலிருந்து கிளம்பி வந்தவைதான். ஆராய்ச்சி அங்கிருந்து நகர்ந்து போயிடுச்சு. நாமதான் அங்கேயே நிக்கிறோம்.

அது எப்படி நகர்ந்துச்சுன்னு பார்ப்போம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

3/
கதை ஜெர்மனியில் ஆரம்பிக்குது. 1840-களில் யுஸ்டுஸ் லீபிக் என்ற பெரிய வேதியியல் அறிஞர் ஒரு கருத்தைச் சொன்னார்: தசை வேலை செய்யும்போது எரிவது புரதம். அப்படின்னா உழைக்கிறவனுக்கு நிறைய புரதம் வேணும், புரதம்னா மாமிசம்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. தசையைத் தின்னா தசைக்குப் பலம். இன்னிக்கு ஜிம்முல கேக்குற பேச்சுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

4/
இதைச் சோதிச்சுப் பார்த்தவங்க ரெண்டு பேர், ஃபிக், விஸ்லிசேனுஸ். சுவிட்சர்லாந்துப் பேராசிரியர்கள். 1865-ல் புரதம் இல்லாத மாவுப் பண்டமும் இனிப்பு டீயும் மட்டும் சாப்பிட்டுட்டு ஃபவுல்ஹார்ன் மலையில் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் ஏறினாங்க. வழியெல்லாம் தங்கள் சிறுநீரைச் சேகரிச்சு, அதுல இருக்கிற நைட்ரஜனை வெச்சு, உடம்புல எவ்வளவு புரதம் கரைஞ்சுதுன்னு கணக்குப் போட்டாங்க.

அந்தப் புரதம் மலை ஏறின வேலைக்குப் போதவே போதாது. உடம்பு ஓடினது மாவுச்சத்திலும் கொழுப்பிலும்தான். லீபிக் சொன்னது தப்புன்னு இதுல தெரிஞ்சுபோச்சு.

5/
ஆனா ஒரு கருத்து தப்புன்னு நிரூபிச்ச உடனே அது செத்துப் போயிடாது. லீபிக் வழியில் வந்த கார்ல் ஃபோய்ட், மூனிக் நகரத்தில், உழைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 118 கிராம் புரதம் வேணும்னு அளவு சொன்னார். உலகமே அதை எடுத்துக்கிச்சு.

இதுல ஒரு ஓட்டை இருந்துச்சு. அந்தக் காலத்து ஜெர்மன் தொழிலாளி என்ன சாப்பிட்டாரோ அதை அளந்து, அதுதான் தேவைன்னு வெச்சுட்டாங்க. கல்யாணப் பந்தியில ஒருத்தர் பன்னிரண்டு இட்லி சாப்பிடுறதைப் பார்த்துட்டு, மனுஷனுக்குப் பன்னிரண்டு இட்லி தேவைன்னு எழுதி வைக்கிற மாதிரி.

6/
1904-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஸல் சிட்டன்டன் இதைத் தலைகீழாக்கினார். தன்னையும், சக பேராசிரியர்களையும், ராணுவ வீரர்களையும், கல்லூரி விளையாட்டு வீரர்களையும் மாதக்கணக்கில் ஃபோய்ட் அளவில் கிட்டத்தட்ட பாதிப் புரதத்தில் வெச்சார். யாரும் சுருண்டு விழல. பலப் பரிசோதனையில் நல்லாவே செஞ்சாங்க.

அவர் சோதிச்சது சைவ உணவை இல்ல, குறைந்த புரதத்தைத்தான். ஆனா "கறி இல்லாட்டி பலம் இல்ல" என்ற கோட்டைச் சுவரில் முதல் பெரிய விரிசல் இதுதான்.

7/
அடுத்த பத்து வருஷத்துல கேள்வி மாறுச்சு. "எவ்வளவு புரதம்" போய் "எந்தப் புரதம்"னு ஆச்சு.

அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் ரெண்டு பேரும் எலிகளுக்கு மக்காச்சோளப் புரதத்தை மட்டும் கொடுத்தாங்க. எலி வளரல. லைசின், டிரிப்டோபேன் என்ற ரெண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்தாங்க, வளர்ந்துச்சு. தாவரப் புரதத்துக்கு 'ரெண்டாம் தரம்' முத்திரை விழுந்தது இப்படித்தான்.

ஆனா எலிக்குட்டி சில வாரத்துல வளர்ந்து முடிக்கும், மனுஷக் குழந்தைக்கு வருஷக்கணக்காகும். எலியின் தேவையை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. அதோட, யாரும் மக்காச்சோளப் புரதத்தை மட்டும் தின்னு வாழறதும் இல்ல.

8/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1920-களில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுற உணவை அப்படியே சமைச்சு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, 'மதராசி'.

சீக்கிய உணவு சாப்பிட்ட எலிகள் முதலிடம். கடைசி இடம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? மதராசி உணவுக்குத்தான்.

9/
இதைப் பார்த்து "கறி ஜெயிச்சுது, சோறு தோத்துது"ன்னு சொன்னவங்க உண்டு. தட்டை உத்துப் பாருங்க. சீக்கிய உணவில் முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இறைச்சி எப்பவாவதுதான். நிறைய கறி இருந்த பட்டாணிய உணவு அதுக்குப் பின்னாடிதான் வந்துச்சு.

மதராசி உணவுல? பாலிஷ் போட்டு, கழுவின அரிசிச் சோறு மலை மாதிரி. பருப்பு, காய், மோர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.

ஜெயிச்சது பாலும் முழுதானியமும் பருப்பும். இந்தப் பாடத்தை நாம அன்னிக்கே படிச்சிருக்கணும். எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

10/
சரி, அந்தம்மாவோட கால் எரிச்சலுக்கு வருவோம். அதுக்கு வேற ஒரு வழியா போகணும்.

19-ம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கு ஒரு கொடிய ரத்தசோகை தெரியும். வந்தா மரணம்தான். 1926-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மைனாட், மர்ஃபி ரெண்டு பேரும் நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தாங்க. சாகக் கிடந்தவங்க எழுந்து நடந்தாங்க. 1934-ல் விப்பிளோடு சேர்த்து நோபல் பரிசு.

ஈரலில் ஏதோ ஒரு பொருள் இருக்கு. அது என்னன்னு கண்டுபிடிக்க இன்னும் இருபது வருஷம் ஆச்சு.

11/
நடுவுல ஒரு இங்கிலாந்துப் பெண் மருத்துவர், லூசி வில்ஸ். 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். இதுக்காகக் குன்னூரிலும் கொஞ்ச காலம் வேலை செய்தார்.

1931-ல் அவர் எழுதினது: மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தா இந்தச் சோகை தீருது. அதில் இருந்த பொருள்தான் பின்னாடி ஃபோலிக் ஆசிட்னு பெயர் வாங்குச்சு. இன்னிக்குக் கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் இரும்புச்சத்தோட சேர்த்துக் கொடுக்கிற மாத்திரை அந்த வழியில் வந்ததுதான்.

12/
1948. அமெரிக்காவில் மெர்க் நிறுவனமும் இங்கிலாந்தில் கிளாக்ஸோவும் ஈரலிலிருந்து அந்தச் சிவப்புப் பொருளைப் பிரிச்செடுத்தாங்க. வைட்டமின் பி12. அதோட அமைப்பைக் கண்டுபிடிச்ச டோரதி ஹாட்ஜ்கின் 1964-ல் நோபல் பரிசு வாங்கினார்.

இதுல ஒரு விசித்திரம். பி12-ஐ எந்தச் செடியும் செய்யாது. எந்த விலங்கும் செய்யாது. நுண்ணுயிர்கள்தான் செய்யும். மாட்டின் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் செய்து கொடுக்க, அது பாலுக்கும் கறிக்கும் போகுது. கீரை, கேரட், பருப்பு எவ்வளவு சாப்பிட்டாலும் அதுல பி12 கிடையாது.

13/
இங்கிலாந்தில் பால், முட்டையும் வேண்டாம்னு முழுத் தாவர உணவுக்கு மாறினவங்க 1944-ல் வீகன் சங்கம் ஆரம்பிச்சாங்க. அப்ப பி12 என்ற பெயரே உலகத்துல இல்ல. என்ன இல்லாம வாழ ஆரம்பிக்கிறோம்னு அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல.

1955-ல் வோக்ஸும் அவர் குழுவும் அந்த மக்களைப் பரிசோதிச்சாங்க. பல பேர் நல்லா இருந்தாங்க. சிலருக்கு நாக்குப் புண், கை கால் மதமதப்பு, ரத்தத்தில் பி12 குறைவு.

கல்லீரலில் பி12 வருஷக்கணக்கில் சேமிப்பில் இருக்கும். அதனால குறைபாடு உடனே தெரியாது. மூணு, நாலு வருஷம் கழிச்சு மெல்ல வரும். வர்றதுக்குள்ள "எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க"ன்னு சொல்லிட்டு இருப்போம்.

14/
அடுத்த அத்தியாயம் வேலூர். இந்த இழையை நான் எழுதக் காரணமே இதுதான்.

1962-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் லான்செட் இதழில் ஆறு கைக்குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. தாய்ப்பால் குடிச்சு வளர்ந்த குழந்தைகள். பிறந்து சில மாதம் நல்லா இருந்து, அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. தலை நிக்கிறது, உக்கார்றதுன்னு கத்துக்கிட்டதெல்லாம் மறந்துபோச்சு. தோல் கறுத்தது. கை கால் தன்னால ஆடுச்சு.

தாய்க்கே பி12 இல்ல. அதனால தாய்ப்பாலிலும் இல்ல. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினாங்க.

எந்தத் தாயும் தெரிஞ்சு செய்யலைங்க. யாரும் அவங்களுக்குச் சொல்லலை, அவ்வளவுதான்.

15/
அப்ப ஒரு நியாயமான கேள்வி வரும். "அப்படின்னா இந்தியாவில் இத்தனை கோடி சைவர்களுக்கு ஏன் இது வரல?"

இதுக்கும் வேலூர் ஒரு பதில் தேடுச்சு. ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூணு பேரும் 1980-ல் நேச்சர் இதழில் எழுதினாங்க: தென்னிந்தியர்களின் சிறுகுடலில் இருக்கிற சில பாக்டீரியாக்கள் பி12 தயாரிக்குது. பெருங்குடலில் உருவாகிற பி12 நமக்குப் பயன்படாது, உறிஞ்சுற இடம் தாண்டிப் போயிடுது. சிறுகுடலில் உருவானா கொஞ்சம் கிடைக்க வாய்ப்பு இருக்கு.

கொஞ்சம் கிடைக்கலாம். ஆனா அதை நம்பி யாரும் வாழ முடியாது.

16/
இங்கிலாந்துக்குக் குடியேறின இந்துக் குடும்பங்களில் என்ன நடந்துச்சுன்னா, அங்கே சைவ உணவைத் தொடர்ந்தவங்களில் பி12 குறைவால் வர்ற ரத்தசோகையை மருத்துவர்கள் நிறையப் பார்த்தாங்க. லண்டனை ஒட்டின ஹாரோ பகுதியிலிருந்து 1985-ல் சனாரின் குழு நூத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பத்தி எழுதுச்சு.

அதாவது ஒரே சைவம், ஆனா இடமும் சுத்தமும் பால் அளவும் மாறினா விளைவும் மாறலாம். "பாட்டி தொண்ணூறு வயசு வரை இருந்தாங்க" என்பது பாட்டியோட தட்டைப் பத்தின தகவல். நம்ம தட்டைப் பத்தினது இல்ல.

17/
இன்னொரு சிக்கல். ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தா பி12 குறைவால் வந்த ரத்தசோகைகூட சரியான மாதிரி தெரியும். ரத்தம் ஏறிடும். நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும். இது 1940-களிலேயே தெரிஞ்ச விஷயம்.

2008-ல் புனேயிலிருந்து யாக்னிக் குழு வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகளில் சுமார் மூணில் ரெண்டு பங்கு பேருக்கு பி12 குறைவு. ஃபோலேட் அதிகம், பி12 குறைவு என்றிருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு வயசில் இன்சுலின் எதிர்ப்பு அதிகமா இருந்துச்சு. பின்னாளில் சர்க்கரை நோய்க்கு அதுதான் முதல் படி.

அதுக்காக ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். அது அவசியம். அதோட பி12-ஐயும் கவனிக்கணும்னுதான் சொல்றேன்.

18/
இப்ப அந்தப் பக்கம் போவோம். "சைவம்னா நோயே வராது" எங்கிருந்து வந்துச்சு?

அமெரிக்காவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவு. அவங்களில் பாதிப்பேர் போல சைவம், மத்தவங்க கறி சாப்பிடுவாங்க. ஆனா பொதுவா யாரும் புகை பிடிக்கறதில்ல, குடிக்கறதில்ல. ஒப்பிட்டுப் பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது. 1950-களின் கடைசியிலிருந்து அவங்களைப் பின்தொடர்ந்து வர்றாங்க.

கேள்வி தலைகீழாச்சு. "கறி இல்லாம பிழைக்க முடியுமா" போய், "கறி இல்லாட்டி இன்னும் நல்லா வாழலாமா"ன்னு.

19/
1999-ல் இந்த மாதிரி ஐந்து ஆய்வுகளைச் சேர்த்தாங்க, சுமார் 76,000 பேர். சைவர்களில் மாரடைப்பு மாதிரியான இதய நோய் மரணம் 24% குறைவு. பெரிய விஷயம்தான்.

ஆனா அதே ஆய்வில் பக்கவாத மரணத்திலும் முக்கியமான புற்றுநோய் மரணங்களிலும் தெளிவான வித்தியாசம் இல்ல. செய்தித்தாளில் முதல் பாதி வந்துச்சு. ரெண்டாம் பாதி வரல.

20/
புரதக் கதை என்ன ஆச்சு? 1971-ல் பிரான்சிஸ் மூர் லாப்பே எழுதின ஒரு புத்தகம் அமெரிக்காவில் பிரபலமாச்சு. தானியத்தையும் பருப்பையும் ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட்டாத்தான் முழுப் புரதம்னு சொன்னார். பத்து வருஷம் கழிச்சு வந்த பதிப்பில், அவ்வளவு கணக்குப் பார்க்கத் தேவையில்லைன்னு அவரே திருத்திக்கிட்டார். நாள் முழுக்கக் கலந்து சாப்பிட்டாப் போதும். இட்லியில் அரிசியும் உளுந்தும், சாம்பார் சாதத்தில் அரிசியும் துவரையும்.

கதை அங்கேயும் முடியல. பெங்களூரில் குர்பாத் முதலானோர் செய்த ஆய்வுகளும் சேர்ந்து, லைசின் தேவையை மறுபடி உயர்த்துச்சு. 1985-ல் பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 12 மில்லிகிராம். 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது 30. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அதிகம். சோறு மலையாவும் சாம்பார் தண்ணியாவும் இருந்தா, அது போதாது.

21/
2019-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த ஆய்வு. சுமார் 48,000 பேர், 18 வருஷம். கறி சாப்பிடுறவங்களோடு ஒப்பிட்டா சைவர்களுக்கு இதய நோய் 22% குறைவு. பக்கவாதம் 20% அதிகம். ஆயிரம் பேரைப் பத்து வருஷம் பார்த்தா, பத்து பேருக்கு இதய நோய் குறைவு, மூணு பேருக்குப் பக்கவாதம் கூடுதல். 2020-ல் அதே குழு: வீகன்களுக்கு எலும்பு முறிவு 43% அதிகம்.

அங்கே 'சைவர்'னா பாலோட முட்டையும் சாப்பிடுறவங்க உண்டு. நம்ம ஊர்ச் சைவத்துல முட்டை இல்ல. எண்ணை அப்படியே இங்க ஒட்ட முடியாது.

22/
கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம். 2017-ல் ஹார்வர்டில் சதீஜா குழு, அமெரிக்க மருத்துவப் பணியாளர்கள் ரெண்டு லட்சம் பேரின் தகவலைப் பார்த்துச்சு. தாவர உணவையே ரெண்டாப் பிரிச்சாங்க. முழுதானியம், பருப்பு, காய், கொட்டைகள் ஒரு பக்கம். வெள்ளை மாவு, சர்க்கரை பானம், இனிப்பு, வறுவல் மறுபக்கம்.

முதல் வகை அதிகம் சாப்பிட்டவங்களுக்கு இதய நோய் 25% குறைவு. ரெண்டாவது வகைக்கு 32% அதிகம். ரெண்டும் தாவரம்தான்! மைதா பரோட்டாவும் சைவம், ஜிலேபியும் சைவம்.

23/
நூத்தம்பது வருஷத்தில் கேள்வி இப்படி நகர்ந்திருக்கு:
• கறி இல்லாம பலம் வருமா?
• தாவரப் புரதம் தரமானதா?
• இந்த உணவில் எது இல்ல?
• இதைச் சாப்பிட்டா நீண்ட நாள் வாழலாமா?
• எந்தச் சைவம்? தட்டில் என்ன இருக்கு?

தட்டில் எது இல்லைன்னு மட்டும் பார்க்கிறதை நிறுத்திட்டு, எது இருக்குன்னு பார்க்கத் தொடங்கினதுதான் பெரிய மாற்றம். இது அசைவர்களுக்கும் பொருந்தும். ஞாயித்துக்கிழமை மட்டும் கறி எடுக்கிற வீட்டில் மத்த ஆறு நாளும் தட்டு சைவம்தானே?

24/
நடைமுறைக்கு:

✔ சைவக் குழந்தை நல்லா வளரலாம். தினமும் பால்/தயிர், கெட்டியான பருப்பு, சுண்டல், காய், பழம், வேர்க்கடலை (சின்னக் குழந்தைக்குப் பொடிச்சு).
✔ பி12 பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் வேணும். கால் லிட்டர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் இருக்கு. காபியில் ஊத்துற பால் போதாது.
✔ பால், முட்டை, கறி எதுவும் இல்லாதவங்க பி12 மாத்திரை கட்டாயம் எடுக்கணும்.
✔ சைவக் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வயசானவங்க, வருஷக்கணக்கா மெட்பார்மின் அல்லது அசிடிட்டி மாத்திரை எடுக்கிறவங்க, உங்க டாக்டர்கிட்ட பி12 பத்திக் கேளுங்க.
✔ கால் மதமதப்பு இருந்தா "சர்க்கரைதான்"னு விட்டுடாதீங்க.

25/
அந்தப் பையனோட அப்பாகிட்ட, "முட்டை கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க விருப்பம். பாலும் பருப்பும் மட்டும் குறைக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். அவர் முகத்துல வந்த நிம்மதியைப் பார்க்கணுமே.

அந்தம்மா எட்டு வருஷமா மெட்பார்மின் எடுக்கிறாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஏதோ வீடியோ பார்த்து பால், தயிரையும் நிறுத்தியிருக்காங்க. பி12 ஊசி ஆரம்பிச்சிருக்கோம். ரத்தம் ஏறிடும். நடை தேறும்னு நம்புறேன். பாத மதமதப்பு முழுசா போகும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியல. நரம்பு கெட்டு ரொம்ப நாள் ஆயிடுச்சுன்னா கொஞ்சம் தங்கிடும்.

கிளம்பும்போது கேட்டாங்க: "இத இத்தனை வருஷத்துல யாரும் சொல்லலையே சார்?"

1962-லேயே வேலூரில் எழுதி வெச்சிருக்காங்கம்மா. உங்ககிட்ட வந்து சேர இவ்வளவு நாள் ஆயிடுச்சு.

உங்க வீட்டுச் சைவக்காரங்களுக்கு இதைப் பகிருங்க.